கபிரியேலின் பழைய எஞ்சின்

கருங்கல் ஊரில் குமாரதாஸின் ஒர்க்‌ஷாப்பில்தான் நான் ஸ்கூட்டரை வேலைக்கு விடுவது. ஒருநாள் கடப்புறத்து மீனவ ஊரிலிருந்து ஒரு ஆள் வள்ளத்தில் மாட்டுகிற எஞ்சினை மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். குமாரதாஸ் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடல் எஞ்சின் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பக்கத்தில் கடல் எஞ்சினுக்கு அவரைவிட்டால் ஆள் கிடையாது என்று பெயரெடுத்தவர். ஏன் என்று கேட்டேன். அன்று என் ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றத் தொடங்கினார். அடுத்த மழைக்காலத்தில், கடையில் வேறு யாரும் இல்லாத ஒரு மத்தியானம், கபிரியேலைப் பற்றிச் சொன்னார்.

கபிரியேல் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். மீசை முளைக்கும் முன்னே கட்டுமரம் ஏறியவர். கட்டுமரத்தை விட்டு வள்ளத்துக்கு மாறியபோது, ஊரில் முதன்முதலாக எஞ்சின் வாங்கிய சிலபேரில் அவரும் ஒருவர். வெளிநாட்டு எஞ்சின், சின்னதுதான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மகன் பிரைட்டன் பிறந்த வருஷம் வாங்கியது. அதை வைத்துத்தான் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டார், மனைவியின் நோய்க்கு வைத்தியம் பார்த்தார். வீடு நின்றது, மனைவி நிற்கவில்லை.

பிரைட்டன் வளர்ந்து தொழிலுக்கு வந்தபிறகு பெரிய பைபர் வள்ளமும் புது எஞ்சினும் வாங்கினார்கள். கபிரியேலுக்குக் கால்முட்டு தேய்ந்து கடலுக்குப் போவது நின்றது. அவருடைய சின்ன வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். பழைய எஞ்சினைத் தார்ப்பாயில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் விறகுப்புரையில் சாய்த்து வைத்தார்கள். அதன்மேல் ஓலையும் தேங்காய்க் கதம்பையும் ஏறின. பிறகு அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒக்கிப் புயல் வந்த அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம், பிரைட்டனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் வள்ளம் தள்ளினார்கள். கடல் அசைவில்லாமல் கிடந்தது. மறுநாள் காலையில் மீனோடு வந்துவிடுவதாகத்தான் கணக்கு. பிரைட்டனின் மனைவி ஜெஸ்பின் கைக்குழந்தையோடு கரைவரை வந்து சோற்றுச் சட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி அடித்த காற்றைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது மலையோரத்தில் ரப்பர் தோட்டங்கள் படுத்துக் கிடந்தன. கரண்டு இல்லை, போன் இல்லை, பஸ் இல்லை. கடப்புறத்தில் கரையில் கிடந்த வள்ளங்களில் பாதியைக் கடல் தூக்கிக் அலைதடுப்புக் கல்லுக்கட்டில் அடித்து உடைத்திருந்தது. கடலுக்குப் போனவர்களில் யாரும் திரும்பியிருக்கவில்லை. பெண்கள் கோயிலில் கூடினார்கள். ஆண்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு அலையைத் தவிர ஒன்றும் இல்லை.

காற்று கொஞ்சம் அடங்கினதும், உடையாமல் மிஞ்சிய வள்ளங்களை எடுத்துக்கொண்டு ஊர்க்காரர்களே தேடப் போனார்கள். கபிரியேல் ஒவ்வொரு வள்ளமாகப் போய் ஏறப்பார்த்தார். முட்டு வளையாத கிழவனை ஏற்றினால், ஒருவனைத் தூக்கும் இடம் குறையும் என்று இறக்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்று அவருக்கும் தெரியும். அவர்கள் நேர் தெற்கே போவதைக் கரையிலிருந்து பார்த்தார். அந்தக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஒரு வள்ளம் வடமேற்காகத்தான் ஒதுங்கும் என்பது அவருடைய எண்ணம். கத்திச் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த அவருடைய சின்ன வள்ளம் உடையாமல் கிடந்தது. வீட்டுக்கு வந்து விறகுப்புரையில் இருந்த கதம்பையை எல்லாம் வெளியே வாரிப்போட்டார். தார்ப்பாய் அவிழ்ந்தபோது உள்ளே இருந்தது எஞ்சின் மாதிரி இல்லை. உப்புப் பூத்து, அலுமினியம் முழுக்க வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. கிளப்புகிற கயிற்றைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அப்படியே அதைத் திண்டில் நிறுத்தி வைத்துவிட்டுக் கருங்கலுக்கு நடக்கத் தொடங்கினார். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அயனியும் பிலாவும் கரண்டுக் கம்பியோடு சேர்ந்து கிடந்ததை, தேய்ந்த கால்முட்டோடு ஏறி இறங்கித்தான் போயிருக்கிறார்.

குமாரதாஸ் அப்போது ஒர்க்‌ஷாப் கூரைமேல் விழுந்த தென்னையை வெட்டிக்கொண்டிருந்தார். பிரைட்டனின் புது எஞ்சினுக்கு அவர்தான் சர்வீஸ். அந்தப் பழக்கத்தில் கபிரியேலைத் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் அரிவாளைக் கீழே போட்டார். எத்தனை வருஷம் கிடந்தது என்று மட்டும் கேட்டார். கபிரியேலுக்கு அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. குமாரதாஸ் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரோடு நடந்து வந்தார்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. குமாரதாஸ் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றினார். இனி ஊற வேண்டும் என்றார். எவ்வளவு நேரம் என்று கபிரியேல் கேட்டார். நாளைக் காலைவரை என்றார் குமாரதாஸ். கபிரியேல் போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். குமாரதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, அடிச்சா உடையும். உடைஞ்சா பின்ன ஒண்ணுமே இல்ல.”

“அவன் தண்ணியில கெடக்கான், தாஸ்.”

“அறியும் அண்ணே. அதுக்காகத்தான் பறையுதேன்.”

கபிரியேல் சுத்தியலை வைத்துவிட்டு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அன்று பொழுது சாயும்வரை அங்கிருந்து எழுந்ததெல்லாம், கரையில் கூச்சல் கேட்டபோது மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் காலை இழுத்துக்கொண்டு ஓடுவார். பிழைத்த ஆளை யாராவது கொண்டுவந்திருப்பார்கள். முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வரும்போது நடை ரொம்ப மெதுவாக இருக்கும் என்றார் குமாரதாஸ். ஒரு தடவை பிணம் வந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

மறுநாள் பிஸ்டன் அசைந்தது. ஆனால் பிளக்கில் பொறி வரவில்லை. உள்ளே இருந்த காயிலில் ஈரம் ஏறியிருந்தது. வெயில் இல்லை, கரண்டும் இல்லை. ஜெஸ்பினின் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, அதில் மணல் பரப்பி, மணல்மேல் காயிலை வைத்துக் காய வைத்தார்கள். கார்புரேட்டருக்குள் பழைய எண்ணெய் அரக்குபோல ஒட்டிப் பிடித்திருந்தது. சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஒரு இழையைப் பிரித்து, அதன் சின்ன ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார் குமாரதாஸ். கபிரியேல் பக்கத்தில் இருந்து சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார். ஒரு திருகாணி அவர் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்து, அதைத் தேடியதில் பெரும்பொழுது போயிற்று. அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்ததாகக் குமாரதாஸ் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் இல்லையாம்.

மிஞ்சியது, கடல்தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கிற ரப்பர் சக்கரம். அதைத் தொட்டதும் ரொட்டிபோல நொறுங்கியது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு இப்போது சாமான் கிடையாது. கல்லுக்கட்டில் உடைந்து கிடந்த வேறொரு எஞ்சினிலிருந்து அதே மாதிரிச் சக்கரத்தைக் கழற்றி வந்தார்கள். அளவு சரியில்லை. குமாரதாஸ் அதைப் பிளேடால் செதுக்கிச் செதுக்கிப் பொருத்தினார். இது பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று சொன்னார். கபிரியேல் தலையை ஆட்டினார். அவர் காதில் அது விழுந்ததா என்பது குமாரதாஸுக்கு இன்றும் சந்தேகம்தான்.

ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் மாட்டிக் கயிறு இழுத்தார்கள். மாறிமாறி இழுத்தார்கள். குமாரதாஸின் உள்ளங்கை பொத்துவிட்டது. கடைசியில் ஒரு இருமல், கொஞ்சம் கருப்புப் புகை, பிறகு சத்தம். சத்தத்தைக் கேட்டுக் கோயிலிலிருந்து ஜெஸ்பின் ஓடி வந்தாள். வீட்டுப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டதும், பிரைட்டன் வந்து எஞ்சினை இறக்கிக் கழுவிப் பார்க்கிறான் என்றே நினைத்துவிட்டாள். முற்றத்தில் டிரம்மையும் இரண்டு ஆண்களையும் கண்டு நின்றாள். கொஞ்சநேரம் கழித்து உள்ளே போய் அவர்களுக்குச் சோறு வடித்தாள். அவளும் சாப்பிட்டாள். புயலுக்குப் பிறகு அவள் ஒரு வாய் சாப்பிட்டது அன்றுதான். சாப்பிட்டு முடித்து, “மாமா, அவரக் கூட்டிட்டு வாங்க” என்றாள். கபிரியேல் “வருவான் மக்கா” என்றார்.

எஞ்சின் நின்றால் கிளப்புவதற்கு ஆள் வேண்டும். அதனால் குமாரதாஸும் வள்ளத்தில் ஏறினார். ஒர்க்‌ஷாப்பில் எத்தனையோ கடல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டியிருக்கிறாரே தவிர, அவர் அதுவரை கடலில் முட்டுக்குமேல் நனைந்ததில்லை. நீச்சலும் தெரியாது. விடிந்ததும் தள்ளினார்கள். கரை மறைவதற்கு முன்னமே வாந்தி எடுக்கத் தொடங்கினார். காலி வயிற்றோடு ஓங்கரித்துக்கொண்டே, ஒரு கோப்பையால் எஞ்சின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கபிரியேல் வடமேற்கே பிடித்தார். காற்று நின்றுவிட்டாலும், அலையின் பொங்கல் இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் எழுந்து நின்று பார்ப்பார், பள்ளத்தில் இறங்கும்போது உட்கார்வார். எழும்போது ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்.

தெர்மோகோல் துண்டுகள் மிதந்தன. ஒரு சட்டி மூடி மிதந்தது. கபிரியேல் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே போட்டார். வெயில் ஏறினபிறகு தூரத்தில் நீலமாக ஒன்று தெரிந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் அடிப்பாகம். பிரைட்டனின் வள்ளமும் நீலம்தான். அதன்மேல் ஒரு ஆள் கிடந்தான். கபிரியேல் எழுந்து நின்று மகனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கிடந்த ஆள் கையைத் தூக்கினான்.

“பாத்தியா தாஸ், கையத் தூக்குதான்” என்றார் கபிரியேல்.

கிட்டே போனபோது அது வேறு வள்ளம். ஆளும் வேறு. வலைக்கயிற்றால் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தான். முகம் வெயிலிலும் உப்பிலும் வெந்து தோல் உரிந்திருந்தது. கண் வீங்கி மூடிவிட்டது. கயிற்றை அறுத்து இரண்டு பேருமாக உள்ளே இழுத்துப் போட்டார்கள். கபிரியேல் அவன் தலையை மடியில் வைத்துத் துணியை நனைத்து உதட்டில் பிழிந்தார். பேச வந்ததும் தன் பெயர் ததேயுஸ் என்றான். கேரள எல்லைப் பக்கத்துக் கடற்கரை ஊர். கூட இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிடி நழுவித் தண்ணீரில் போய்விட்டார்கள்.

கபிரியேல் பிரைட்டனைப் பற்றிக் கேட்டார். வள்ளத்தின் நிறம், கூட்டாளிகளின் பெயர், எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டார். ததேயுஸுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் இன்னொரு வள்ளம் பக்கத்தில் ஒதுங்கி வந்ததாகச் சொன்னான். நேற்றுகூடக் குரல் கேட்டதாம். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு மேற்கே கையைக் காட்டினான். காட்டிவிட்டு மயங்கினான். உடம்பு விறைத்து வந்தது.

மண்ணெண்ணெய் கேனில் பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. இன்னும் மேற்கே போனால் திரும்புவதற்குக் காணாது. எஞ்சின் ஏற்கெனவே தொட முடியாத சூட்டில் இருந்தது. குமாரதாஸ் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணே, இவன் ரொம்ப நேரம் தாங்கமாட்டான். உங்க இஷ்டம். போவோம்னு பறைஞ்சா நானும் வாறேன்.”

கபிரியேல் எஞ்சினின் கைப்பிடியில் கைவைத்து மேற்கே பார்த்தபடி இருந்தார். ததேயுஸ் மயக்கத்திலும் அவர் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தான். அந்தக் கையை ஒருதரம் விலக்கினார். அது தடவித் தேடி வந்து மறுபடியும் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அவர் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார். இவனைக் கரையில் விட்டுவிட்டு நாளைக்கு வருவோம் என்றார். குமாரதாஸிடம் சொன்னாரா, மேற்கே பார்த்துச் சொன்னாரா என்பது தெரியவில்லை. வழி முழுக்க முகத்தைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டே வள்ளம் ஓட்டினார்.

கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகு எஞ்சின் ஓலமிட்டது. குமாரதாஸுக்கு அந்தச் சத்தம் தெரியும். நிறுத்துவதற்குள் அதுவாகவே நின்றுவிட்டது. வேறொரு வள்ளக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்து சேர்த்தார்கள். ததேயுஸை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். குமாரதாஸ் அந்த ஈரத்தோடேயே உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்தார். செதுக்கி வைத்த ரப்பர் சக்கரம் தூள்தூளாகக் கிழிந்திருந்தது. பிஸ்டன் உருகிச் சிலிண்டரோடு ஒன்றாகிவிட்டது. இனி அதை யாராலும் கிளப்ப முடியாது. கபிரியேல் பக்கத்தில் நின்று பார்த்தார். நாளைக்குப் போவது இல்லை என்று குமாரதாஸ் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

பிரைட்டனும் கூட்டாளிகளும் வரவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ததேயுஸின் அம்மா பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வந்தாள். அவள் படியேறுவதைப் பார்த்ததும் கபிரியேல் பின்வாசல் வழியாக இறங்கிக் கடற்கரைக்குப் போய்விட்டார். ஜெஸ்பின்தான் அவளை உட்காரவைத்துச் சாயா போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. பக்கத்து வள்ளத்தில் குரல் கேட்டதையும், மகன் மேற்கே கைகாட்டியதையும், கபிரியேல் அங்கே போகாமல் ததேயுஸுக்காகத் திரும்பியதையும், அவன் சொன்னபடியே சொல்லி, அவர் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். ஜெஸ்பினுக்கு அதுவரை அது தெரியாது.

அன்று சாயங்காலம் எஞ்சின் சாமான்களை எடுத்துப்போக வந்த குமாரதாஸ் முற்றத்தில் இருந்தார். கபிரியேல் கரையிலிருந்து வந்ததும் ஜெஸ்பின் கேட்டாள்.

“குரல் கேட்டுதுன்னு அவன் பறைஞ்சானா மாமா?”

“பறைஞ்சான்.”

“பின்னயும் நீங்க திரும்பி வந்தீங்க.”

கபிரியேல் திண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குமாரதாஸ் இடையில் புகுந்து, எஞ்சின் எந்த நிலைமையில் இருந்தது, மேற்கே போயிருந்தால் எல்லோரும் போயிருப்போம் என்பதையெல்லாம் விளக்கினார். அவள் முழுக்கக் கேட்டாள். “ஒரு மணிக்கூர் கூடப் போயிருக்கலாம் அண்ணா” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதற்குப்பிறகு குமாரதாஸ் கடல் எஞ்சின் எதையும் தொட்டதில்லை. தை பிறந்ததும் ஜெஸ்பின் குழந்தையை எடுத்துக்கொண்டு இனையம் ஊரில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது மாமனாருக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டுத்தான் போனாள். கபிரியேல் வாசல்வரை வந்தார். தடுக்கவில்லை.

அதன்பிறகு கபிரியேலுக்குப் போன் வரத் தொடங்கியது. கேரளத்துக் கரைகளில் ஒதுங்கிய உடல்களை அங்கங்கே பிணவறைகளில் வைத்திருந்தார்கள். ஆள் அடையாளம் பார்க்கக் கூப்பிடுவார்கள். மரபணு பார்க்க ஒருமுறை ரத்தமும் எடுத்தார்கள். திருவனந்தபுரம், கொல்லம், ஒரு தடவை கோழிக்கோடுவரை போனார். சில தடவை குமாரதாஸும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போயிருக்கிறார். பார்க்கும்படியான முகம் எதற்கும் இருக்காது. கபிரியேல் காலைப் பார்ப்பார். பிரைட்டனின் இடது பெருவிரல் நகம் சின்ன வயதில் நசுங்கி இரண்டாகப் பிளந்து வளர்ந்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டு வருவார். வெளியே வந்ததும் குமாரதாஸுக்குச் சாயா வாங்கிக் கொடுப்பார். தான் குடிக்கமாட்டார்.

அப்படித் தனியாகப் போய்த் திரும்பிய ஒருநாள் களியக்காவிளையில் பஸ் மாறி ஏறினார். கூட்டம். ஜன்னலோரம் இருந்த ஒரு ஆள் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். ததேயுஸ்தான். அப்போது அவன் மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்கு இருந்தான். கபிரியேலுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவர் பார்த்தது தோலுரிந்த முகத்தைத்தானே. இடம் கொடுத்தவனைப் பார்த்து, கடப்புறத்துப் பையன்போல இருக்கிறாயே, தொழிலுக்குப் போகிறாயா என்று கேட்டார். இல்லை, விட்டுவிட்டேன் என்றான் ததேயுஸ். நல்லது மக்கா என்று சொல்லிவிட்டு அவர் வெளியே பார்க்கத் தொடங்கினார். தான் யார் என்று சொல்ல அவன் இரண்டு தடவை வாயெடுத்திருக்கிறான். முடியவில்லை. தன் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டான். பிறகு குமாரதாஸின் ஒர்க்‌ஷாப்பைத் தேடிவந்து இதைச் சொல்லியிருக்கிறான். சொல்லியிருக்க வேண்டுமா அண்ணா என்று கேட்டானாம். 

நான் கபிரியேலை ஒரேயொருமுறை பார்த்தேன். குமாரதாஸ்தான் கூட்டிப்போனார். வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். மழையைப் பற்றியும் சாளை மீனே கிடைக்காததைப் பற்றியும் பேசினோம். கிளம்பும்போது குமாரதாஸ், போன் ஏதும் வந்ததா என்று கேட்டார்.

“இப்ப ஆரும் கூப்பிடுயதில்ல, தாஸ்” என்றார். “அது நின்னுபோச்சு.”

அவ்வளவுதான். அடுத்த ஈயத்தை எடுத்துக் கோத்தார்.